முதலாளி எங்கும் போகவில்லை

நாகேந்திரம் முதலாளி இறந்துவிட்டார் என்ற செய்தி தனஞ்சயனுக்குக் கிடைத்தபோது வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடம். முதலாளி அந்த நேரம் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து இடியப்பத்துக்குச் சொதி விட்டுக்கொண்டிருந்தார்.

செய்தியைச் சொன்னது தனஞ்சயனின் மனைவி சாருஜா.

“என்னப்பா, உங்கட முதலாளி மோசம் போட்டாராமே! எனக்கொரு சொல்லுச் சொல்லேல்லை நீங்கள்?”

“ஆர் உமக்குச் சொன்னது?”

“லண்டன் சித்தி. உங்கட கொம்பனிப் பேஸ்புக்கிலயே போட்டிருக்காம். நான் வெள்ளைச் சாறியை எடுத்து அயர்ன் பண்ணிப்போட்டன். எத்தினை மணிக்கு எடுக்கினம்?”

தனஞ்சயன் போனைக் காதில் வைத்தபடியே எட்டிப் பார்த்தான். முதலாளி சொதியில் கிடந்த பச்சைமிளகாயை விரலால் ஒதுக்கிவிட்டு அடுத்த இடியப்பத்தை எடுத்தார். இறந்தவர் செய்கிற வேலையாகத் தெரியவில்லை.

“அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்” என்றான் தனஞ்சயன் மெதுவாக.

“அப்ப உதில என்னத்தையப்பா எழுதி வைச்சிருக்கிறியள்?”

தனஞ்சயன் நல்ல தமிழ் எழுதி வைத்திருந்தான். வினையே அதுதான்.

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு மாடிக் கட்டடத்தின் மேல்தட்டில் இருக்கிறது ‘நாகேஸ்வரி தூள்’ நிறுவனத்தின் அலுவலகம். மிளகாய் வறுப்பதும் அரைப்பதும் கிராண்ட்பாஸ் ஸ்டோரில். தனஞ்சயன் பதினேழு வருடங்களாக இங்கே கடிதம் எழுதுகிறவன். ஜன்னலோரத்து மேசை, கடற்காற்று, வீட்டுக்கு ஏழு நிமிட நடை. இதைவிட நல்ல வாழ்க்கையை அவன் யாரிடமும் கேட்டதில்லை.

அந்த வாழ்க்கைக்குத்தான் போன மாதம் ஆபத்து வந்தது. பிள்ளைகள் இல்லாத முதலாளி, தம்பி மகன் ராகுலனை மெல்பேர்னிலிருந்து கூப்பிட்டு வியாபாரத்தைப் புதுப்பிக்கச் சொல்லியிருந்தார். ராகுலன் வந்ததும் வராததுமாகக் கூட்டம் வைத்தான்.

“இனி விளம்பரம் எல்லாம் ஓல்ட் ஸ்டைல். வாடிக்கையாளரோட நாங்க கதைக்கணும். எங்கட வெப்சைட்டில ஒரு பிளாக். அதை பேஸ்புக்கில போடுவோம். தூள் விக்கிறது இல்லை, கதை சொல்றது. ஓகே?”

எல்லோரும் ஓகே என்றார்கள். மறுத்துச் சொல்கிற அளவுக்கு யாருக்கும் விஷயம் விளங்கவில்லை.

“முதல் கதை பெரியப்பாவைப் பற்றி. தனா அண்ணாதான் எழுதணும். பெரியப்பாவே உங்கட பெயரைத்தான் சொன்னார்.”

தனஞ்சயனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த வரியில் அது வளைந்தது.

“மாதக் கடைசிக்குள்ள பக்கத்துக்கு ஆயிரம் ஃபாலோவர்ஸ் வரணும். வராட்டி வெளியில ஒரு ஏஜென்சிக்குக் குடுப்போம். நீங்க கிராண்ட்பாஸ் ஸ்டோருக்குப் போகலாம்.”

அப்போது பக்கத்தைப் பின்தொடர்ந்தவர்கள் எண்பத்துமூன்று பேர். அதில் அறுபது பேர் சொந்தக்காரர். தனஞ்சயனுக்கோ மிளகாய் மூட்டைக்குக் கிட்டப் போனாலே தும்மல் தொடங்கிவிடும். போன வருடம் ஸ்டோருக்கு ஒரு கடுதாசி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தவன், மருதானை தாண்டும்வரை பஸ்ஸில் தும்மிக்கொண்டே வந்தான். பக்கத்து சீற்றில் இருந்தவர் எழுந்து பின்னால் போய்விட்டார்.

எப்படியாவது நன்றாக எழுதிவிட வேண்டும் என்று அவன் முடிவு செய்தான். அவனுக்கு எழுத்து புதிதும் அல்ல. இதுவரை அவன் எழுதி அச்சில் வந்தவை இருபத்தாறு. இருபத்தாறும் மரண அறிவித்தல்கள். அவனுடைய சொந்தத்தில் யாராவது ஐ.சி.யு.வுக்குப் போனால் டொக்டருக்கு அடுத்தபடியாக அவனுக்குத்தான் போன் வரும். “ஒருக்கா ரெடியா வையும், சொல்லேலாது” என்பார்கள். அவன் எழுதினால் ஓர் உறவு விடுபடாது, முறை பிசகாது, யாரும் யாரோடும் கோபிக்க இடமிருக்காது. அந்தப் பெயரை அவன் கஷ்டப்பட்டுச் சம்பாதித்திருந்தான்.

விபரம் கேட்கப் போனபோது முதலாளி பொறுமையாக எல்லாம் சொன்னார். தகப்பன் பெயர், தாய் பெயர், மனைவி பெயர். பிறகு மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்துவிட்டு, “சடாட்சரத்தின்ர மைத்துனர் எண்டும் போடும்” என்றார்.

தனஞ்சயனின் பேனை நின்றுவிட்டது.

சடாட்சரம் என்பவர் முதலாளியின் மனைவி ஜெகதீஸ்வரி அம்மாவின் ஒரே அண்ணன். இதே கொழும்பில், கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். பத்தொன்பது வருடங்களுக்கு முன் அவருடைய மகனுக்குக் கல்யாணம். சொந்த மச்சானுக்கு வீடு தேடி வந்து கையில் கொடுத்துச் சொல்ல வேண்டிய கல்யாணம். சடாட்சரம் அழைப்பிதழைத் தபாலில் போட்டுவிட்டார். கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் நடுவில் முத்திரை ஒட்டி! நாகேந்திரம் கல்யாணத்துக்குப் போகவில்லை. போகாததால் சடாட்சரம் பேசவில்லை. அவர் பேசாததால் ஜெகதீஸ்வரி அம்மா தன் அண்ணனின் பெயரைச் சமையலறைக்குள் மட்டும் சொல்லப் பழகிக்கொண்டார். பாவம், அந்த அம்மா யாருக்கு என்ன குற்றம் செய்தார்?

“ஐயா, அந்தப் பேர்...”

“போடும். முறை முறைதானே.”

தனஞ்சயன் போட்டான். எழுதி முடித்தது இப்படி வந்தது:

“யாழ்ப்பாணம் புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும், கொழும்பு வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட, நாகேஸ்வரி தூள் நிறுவன அதிபர் திரு. கந்தப்பு நாகேந்திரம் அவர்கள், காலஞ்சென்றவர்களான கந்தப்பு – பொன்னம்மா தம்பதிகளின் அன்பு மகனும், ஜெகதீஸ்வரியின் அன்புக் கணவரும், சடாட்சரத்தின் அருமை மைத்துனரும் ஆவார். அன்னார் நாற்பத்திரண்டு வருடங்களாக மிளகாய் அரைத்து வருகிறார். இவ்வறிவித்தலை வாடிக்கையாளர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.”

இலங்கையில் தமிழ்ப் பத்திரிகை படிக்கிற எவரும் ‘பிறப்பிடமாகவும்’ என்று கண்டதுமே “ஐயோ, ஆர்?” என்றுதான் கேட்பார்கள். உயிரோடு இருக்கிறவரை யாரும் அப்படி அறிமுகப்படுத்துவதில்லை. தனஞ்சயனுக்கு மட்டும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. கௌரவமான ஒரு மனிதரைப் பற்றிக் கௌரவமாகத் தொடங்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

முதலாளி அதை இரண்டு தரம் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

“ஒரு எழுத்தும் மாத்தாதையும்” என்றார்.

தன் நடை முதலாளியின் மனதைத் தொட்டுவிட்டதென்று தனஞ்சயன் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தான். மெல்பேர்னில் பிறந்த ராகுலனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அவன் தன் பங்குக்கு முதலாளியின் படத்தைப் பழைய காலத்துத் தோற்றத்துக்காகக் கறுப்பு வெள்ளையாக்கி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு குத்துவிளக்கு வைத்து, வியாழக்கிழமை பின்னேரம் பதிவைப் போட்டான்.

இப்போது வெள்ளி காலையில் அந்தப் பதிவின் கீழே இருநூற்றுச் சொச்சம் பேர் ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்திருந்தார்கள். “ஓம் சாந்தி.” “நம்ப முடியவில்லை.” “போன கிழமைதான் கோயிலில் கண்டேன், என்ன மாதிரி இருந்த மனுசன்.” சுவிஸிலிருந்து ஒரு பெண், “இவர் தூள் இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு நண்டுகூடக் கறியானதில்லை” என்று எழுதியிருந்தார். தனஞ்சயன் அதைப் படித்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்தான். பிறகுதான் அழவேண்டியது வேறு காரணத்துக்கு என்று ஞாபகம் வந்தது.

ராகுலன் படியில் இரண்டிரண்டாகத் தாவி வந்தான்.

“தனா அண்ணா! நீங்க ஜீனியஸ்! ஒரே இரவில நானூறு ஃபாலோவர்ஸ்! எல்லாரும் அழுற முகம் போட்டிருக்கினம் பாருங்க. மனசைத் தொட்டிட்டீங்க!”

“தம்பி, அவையள் பெரியப்பா செத்திட்டார் எண்டு நினைக்கினம்.”

“பெரியப்பா செத்திட்டாரா? எப்ப?”

“சாகேல்லைத் தம்பி. உள்ளுக்க இடியப்பம் சாப்பிடுறார்.”

ராகுலன் உள்ளே பார்த்தான். பிறகு போனைப் பார்த்தான். போன்தான் அவனுக்கு அதிகம் நம்பிக்கை தந்தது போலிருந்தது.

“அழிச்சுப் போடுவம்” என்றான் தனஞ்சயன்.

“நோ, நோ. அழிக்கவே கூடாது. அழிச்சா கொம்பனி எதையோ மறைக்குது எண்டு நினைப்பினம். அதோட நான் விடிய எழும்பி காசு கட்டி இதை பூஸ்ட் பண்ணிட்டேன். கனடா, லண்டன், சுவிஸ் எல்லாம் போகுது. நீங்க கீழ கொமென்ட்ல கிளியரா ஒரு விளக்கம் குடுங்க. வாடிக்கையாளரோட கதைக்கிறது எண்டா அதுதான்.”

விளக்கம்தானே என்று தனஞ்சயன் உட்கார்ந்தான். ‘சாகவில்லை’ என்று அப்பட்டமாக எழுத அவனுக்குக் கை வரவில்லை. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, முதலாளியின் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லா? யோசித்து, அடித்து, திருத்தி, நிறுவனத்தின் பெயரில் இப்படிப் போட்டான்:

“அன்பர்களே, கலங்க வேண்டாம். எங்கள் முதலாளி எங்கும் போகவில்லை. என்றும் எங்களுடனேயே இருக்கிறார்.”

பத்து நிமிடத்தில் அதற்கு முந்நூறு அழுத முகங்கள் வந்தன. ‘எவ்வளவு உண்மை’ என்று ஒருவர் எழுதினார்.

அதற்குள் பக்கத்தின் உட்பெட்டியிலும் ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். ராகுலன் அங்கே தானாகப் பதில் போகும்படி ஒழுங்கு செய்து வைத்திருந்தான். “எப்ப எடுக்கினம்?” என்று ஒருவர் கேட்டிருந்தார். பூதவுடல் வீட்டைவிட்டுப் புறப்படும் நேரத்தைத்தான் நம் ஆட்கள் அப்படிக் கேட்பார்கள். பக்கம் உடனே பதில் சொல்லியிருந்தது: “வணக்கம்! திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8.30 தொடக்கம் மாலை 5.30 வரை. ஐந்து கிலோவுக்கு மேல் என்றால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவோம்.”

“கனத்தையிலோ, கல்கிசையிலோ?” என்று எந்தச் சுடலை என்பதை அவர் திரும்பவும் கேட்டிருந்தார். திரும்பவும் அதே பதில் போயிருந்தது.

“நல்லது. ஐந்தரைக்கு முன் வந்துவிடுகிறோம்” என்று அவர் முடித்திருந்தார்.

தனஞ்சயன், முதலாளியின் காதுக்குப் போவதற்குமுன் அம்மாவின் காதில் போட்டுவிடலாம் என்று ஜெகதீஸ்வரி அம்மாவுக்குப் போன் எடுத்தான்.

“அம்மா, ஆரும் ஏதும் சொன்னால் நம்பிப்போடாதேங்கோ. ஐயா சுகமா இருக்கிறார்.”

“எனக்குத் தெரியாதே தம்பி? இப்பதானே இடியப்பம் கட்டிக் குடுத்து விட்டனான்” என்றுவிட்டு அவர் வைத்துவிட்டார். பதறாத மனுசி என்று அவனுக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

ராகுலனுக்கு அடுத்த யோசனை வந்தது.

“லைவ் போடுவோம், அண்ணா. செத்தவர் லைவ்ல வர ஏலாதுதானே?”

இதற்கு மேல் ஒரு சாட்சி வேண்டியதில்லை என்று தனஞ்சயனுக்கும் பட்டது. முதலாளியிடம் போய், பிளாக் தொடங்கியதை முன்னிட்டு வாடிக்கையாளருக்கு இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நயமாகக் கேட்டான்.

“ஓ, சொல்லுவமே” என்றார் முதலாளி. “வெள்ளிக்கிழமை. பூசையோடயே வைப்பம்.”

அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை பத்தரைக்குச் சாமிப் படத்துக்குப் பூசை. முதலாளி வெள்ளை வேட்டி சால்வையோடு, நெற்றி நிறைய விபூதியோடு, சாமிப் படத்துக்குக் கீழே கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தார். அலுவலகத்தைக் கூட்டித் துடைத்துத் தேத்தண்ணீர் ஊற்றுகிற மலைநாட்டுப் பெண் சுபாஷினி சாம்பிராணி போட்டாள். ராகுலன் போனைப் பிடித்தான்.

“சொல்லுங்கோ ஐயா” என்றான் தனஞ்சயன்.

“முதல்ல ஒரு தேவாரம்” என்று முதலாளி கண்ணை மூடினார்.

அந்த இடத்தில் சிக்னல் நின்றது. படம் உறைந்தது. சத்தமும் அறுந்தது. கண் மூடிய முதலாளி, மார்பில் கட்டிய கை, முகத்தைச் சுற்றிச் சாம்பிராணிப் புகை என்று நான்கு நிமிடம் உலகம் முழுவதற்கும் அந்தக் காட்சி அசையாமல் தெரிந்தது. முதலாளி தேவாரத்தை முடித்துவிட்டு எல்லோருக்கும் நன்றி சொன்னதை ஒருவரும் காணவில்லை.

“பூதவுடல் அலுவலகத்திலேயே அஞ்சலிக்கு வைக்கப்பட்டுள்ளது. பார்க்க விரும்புவோர் வெள்ளவத்தைக்கு வரவும்” என்று யாரோ பொறுப்பான மனிதர் அந்தக் காட்சியைப் பத்து வட்சப் குழுக்களுக்கு அனுப்பிவைத்தார்.

பதினொன்றேகாலுக்கு முதல் மலர்வளையம் வந்தது. கொண்டுவந்த சிங்களப் பெடியன் வாசலில் நின்று, “மாத்தயா, மல்வடம கொஹெத தியன்ன ஓனே?” என்று எங்கே வைப்பதென்று பணிவாகக் கேட்டான். எங்கேயும் வேண்டாம் என்று சொல்லத் தனஞ்சயனுக்குச் சிங்களம் போதவில்லை. அவன் கையைக் காட்டி மறித்த திசையிலேயே பெடியன் அதைச் சாத்திவிட்டுப் போனான். அடுத்த அரைமணிக்குள் இன்னும் ஐந்து வந்தன.

முதலாளி கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். தனஞ்சயனுக்குக் கிராண்ட்பாஸ் ஸ்டோரின் வாசம் மூக்கில் அடித்தது.

“என்ன தனஞ்சயன், பூவெல்லாம்?”

“பிளாக் திறப்பு விழாவுக்கு வாழ்த்து அனுப்பியிருக்கினம் ஐயா.”

“அப்பிடியே?” முதலாளி குனிந்து ஒவ்வொரு நாடாவிலும் இருந்த பெயரை வாசித்தார். “நல்ல சனம். கொட்டாஞ்சேனையில இருந்து ஒண்டும் வரேல்லையோ?”

“இல்லை ஐயா.”

கொட்டாஞ்சேனை ஏஜென்ட்டின் ஓர்டரைத்தான் கேட்கிறார் என்று நினைத்த தனஞ்சயன், “திங்கட்கிழமை அனுப்பிப்போடுவினம்” என்று ஆறுதல் சொன்னான். முதலாளி கொஞ்சம் வாடின முகத்தோடு உள்ளே போனார்.

ஆட்கள் படியேறத் தொடங்கினால் இனி மறைக்க முடியாது. தனஞ்சயன் கீழே ஓடி, வாசலின் இரும்புக் கதவை இழுத்தான். பழைய ஷட்டர். பாதி வந்ததும் இறுகி நின்றுவிட்டது. எவ்வளவு தொங்கினாலும் கீழே வரவுமில்லை, மேலே போகவுமில்லை.

கொழும்பில் ஒரு கடையின் ஷட்டர் பகலில் பாதி இறங்கி நின்றால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். எதிர்க்கடைக்காரர் அதைக் கண்டு தன் ஷட்டரையும் மரியாதைக்காகப் பாதி இறக்கினார். அதைப் பார்த்துப் பக்கத்து பாமசி இறக்கியது. பன்னிரண்டு மணிக்கு ஒழுங்கை வர்த்தகர்கள் சேர்ந்து கடற்கரை வரைக்கும் வெள்ளைக்கொடி கட்டிவிட்டார்கள்.

தனஞ்சயன் கொடிகளைப் பார்த்துக்கொண்டு நடுஒழுங்கையில் நின்றான். வெள்ளைச் சேலையோடு சாருஜா வருவது தெரிந்தது.

“உம்மை ஆர் வரச் சொன்னது? அவர் உயிரோட இருக்கிறார் எண்டு சொன்னனானெல்லே!”

“ஊரே கொடி கட்டியிருக்கு, நான் வராட்டி என்ன நினைப்பினம்?” என்றாள் சாருஜா.

அவளோடு சேர்த்துப் பாதி ஷட்டருக்கு வெளியே இருபது பேர் கைகட்டி நின்றார்கள். தனஞ்சயன் ஒவ்வொருவரிடமும் போய், “ஐயா நல்லா இருக்கிறார்” என்றான். அவர்கள் அவன் தோளைத் தட்டினார்கள். “உனக்குத் தாங்க ஏலாமல் இருக்கு, விளங்குது” என்றார் எதிர்க்கடைக்காரர். பதினேழு வருடம் உப்பைத் தின்ற பிள்ளை, மனம் ஏற்கவில்லை என்று பின்னால் பேசிக்கொண்டார்கள்.

மேலே போனபோது ராகுலன் ஜன்னலோரத்து மேசையில், தனஞ்சயனின் கதிரையில் இருந்தான்.

“ஆறாயிரம், அண்ணா!”

“தம்பி, பெரியப்பா வெளியில எட்டிப் பார்த்தால் என்ர வேலை போச்சு. ஸ்டோர் இல்லை, வீடுதான்.”

“வேலை போகாது. ஆறாயிரம்!”

உள்ளேயிருந்து முதலாளியின் குரல் கேட்டது. “தனஞ்சயன், கொட்டாஞ்சேனைக்காரர் ஆரும் வந்தவையோ?”

“இல்லை ஐயா!” என்று அழாக்குறையாகச் சொன்னான் தனஞ்சயன். இந்தக் களேபரத்தில் இவருக்கு ஒரு ஏஜென்ட்!

ஒரு மணிக்கு ஓர் ஓட்டோ ஒழுங்கைக்குள் வந்து நின்றது. வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் இறங்கினார். எழுபத்தைந்து வயதிருக்கும். பாதி ஷட்டரைக் கண்டார், வெள்ளைக்கொடியைக் கண்டார், அப்படியே தலையில் கைவைத்தார்.

“மச்சான்!” என்று அவர் போட்ட சத்தம் கடற்கரை ரயில்பாதை வரைக்கும் கேட்டிருக்கும்.

தனஞ்சயன் அவரை அடையாளம் கண்டுகொண்டான். சடாட்சரம்.

நம் ஆட்களின் கோபத்துக்கு ஒரு வாசல் உண்டு. பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக் கல்யாணத்துக்கு யாரும் தானாகப் போகமாட்டார்கள். செத்த வீட்டுக்கோ எவ்வளவு பகையென்றாலும் சொல்லாமலே போய்விடுவார்கள், போயே ஆகவேண்டும். பத்தொன்பது வருடம் மூடிக்கிடந்தவர் அந்த வாசலால் வந்துவிட்டார்.

தனஞ்சயன் தடுக்கப் பார்த்தான். “ஐயா, ஒரு நிமிசம், உள்ளுக்கு...” பெரியவர் அவனைத் தள்ளிக்கொண்டு, ஷட்டருக்குக் கீழால் குனிந்து, அழுதபடி படியேறினார்.

“கார்டைத் தபால்ல போட்டது பிழைதான்ரா மச்சான்! அண்டைக்கே சொல்லியிருக்க வேணும். ஒரு சொல்லுக் கேளாமல் போட்டியேடா!”

கண்ணாடிக் கதவைத் திறந்தார். முதலாளி கதிரையை விட்டு எழுந்தார்.

“வா மச்சான்” என்றார். “ஒரு மணியாச்சு, இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டாய்.”

சடாட்சரம் கதவுப் பிடியைப் பிடித்தபடி நின்றார். மேலும் கீழும் பார்த்தார். தொட்டுப் பார்த்தார்.

“நீ சாகேல்லையோ?”

“இல்லையடாப்பா.”

“கொட்டாஞ்சேனையில இருந்து அழுதுகொண்டு வந்தனான்ரா!”

“இவ்வளவு நாளும் அழாமல் இருந்தனிதானே. பரவாயில்லை, இரு.”

சடாட்சரம் முதலாளியின் முதுகில் ஓங்கி ஓர் அடி போட்டார். பிறகு அதே கையால் கட்டிக்கொண்டார். இரண்டு கிழவர்களும் சிரிக்கிறார்களா அழுகிறார்களா என்று தனஞ்சயனுக்குத் தெரியவில்லை. அவன் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. இந்தத் தடவை தூள் காரணமில்லை.

“செத்த வீட்டுக்கு எண்டு வெளிக்கிட்டு வந்தனான். தலைக்குத் தோயாமல் எப்பிடிச் சாப்பிடுறது?” என்றார் சடாட்சரம்.

“ஆர் செத்தது?”

“அதுவும் சரிதான். அப்ப போடு.”

அடுத்த பத்து நிமிடத்தில் ஜெகதீஸ்வரி அம்மா பெரிய அடுக்குச் சட்டியோடு வந்து சேர்ந்தார். அண்ணனைக் கண்டதும் சட்டியை மேசையில் வைத்துவிட்டு, “மெலிஞ்சுபோனாய் அண்ணை” என்றார். வெள்ளிக்கிழமை என்றும் பாராமல் ஆக்கியிருந்த நண்டுக்கறியை அள்ளி அள்ளி அண்ணனின் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தார். முதலாளியும் மச்சானும் ஒரே மேசையில் இருந்து நண்டு உடைப்பதை ராகுலன் படம் எடுத்துப் பக்கத்தில் போட்டான். கீழே நின்ற இருபது பேரும் மேலே வந்து முதலாளியைத் தொட்டுப் பார்த்து, தேத்தண்ணீர் குடித்துவிட்டு, கொடிகளைக் கழற்றினார்கள். சாருஜா மட்டும் அயர்ன் பண்ணின சேலை வீணாய்ப் போனதென்று கொஞ்சம் குறைப்பட்டாள்.

நான்கு மணிக்கு சடாட்சரம் கிளம்பினார். செத்த வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு புறப்படுவதில்லை. அவர் வாசலில் நின்று வேண்டுமென்றே உரத்துச் சொன்னார்: “மச்சான், போட்டு வாறன்!”

“வா, வா. ஞாயிற்றுக்கிழமை வா” என்றார் முதலாளி.

பிறகு அவர் தனஞ்சயனைக் கூப்பிட்டார். தனஞ்சயன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு போய் நின்றான். சொல்ல வேண்டிய மன்னிப்புகளை நல்ல தமிழில் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தான்.

“ராகுலன், எத்தினை பேர் சேர்ந்திருக்கினம்?”

“பதினோராயிரத்து அறுநூறு, பெரியப்பா. சாகாமல் இருந்ததுக்கு எல்லாரும் கொங்கிராட்ஸ் சொல்லியிருக்கினமாம். சுபாஷினி அக்கா வாசிச்சுச் சொன்னா.”

“பார்த்தியே, தனஞ்சயன்ர எழுத்தை? ஏஜென்சியும் வேண்டாம், ஸ்டோரும் வேண்டாம். உமக்கு அந்த ஜன்னல் மேசைதான்.”

தனஞ்சயன் காற்றில் நடந்து மேசைக்கு வந்தான். கடற்காற்று வீசியது. கொழும்புக் கோட்டைக்குப் போகிற ரயில் கீழே சத்தமிட்டுப் போனது. பதினேழு வருடத்தில் அந்தச் சத்தம் இவ்வளவு இனிமையாக இருந்ததில்லை. சுபாஷினி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

“கேட்டியே சுபாஷினி? எழுத ஆயிரம் பேர் இருக்கினம். ஐயா முதல் நாளே என்னைத்தான் வேணும் எண்டு கேட்டவராம். ஏன் எண்டு இப்ப எல்லாருக்கும் விளங்கியிருக்கும்.”

“எனக்கு அன்னைக்கே வெளங்கிருச்சு சார்” என்றாள் அவள், கோப்பைக்குக் கீழே தட்டைச் சரிசெய்தபடி. “தேத்தண்ணி குடுக்கப் போனப்ப ஐயா போன்ல அம்மாகிட்ட சொல்லிக்கிட்டிருந்தாருங்க: ‘ஒங்க அண்ணன் நம்ம வாசலுக்கு வரணும்னா தனஞ்சயன்தான் எழுதணும், அவனுக்கு மரண அறிவித்தல விட்டா வேற எதுவுமே எழுத வராது’ன்னு!”